குளிர்கால உறக்கத்தில் நினைவு என்ன ஆகிறது?

தர்மபுரி பென்னாகரம் பக்கம் பிளஸ் டூ விலங்கியல் எடுக்கிறேன். மாணவி ஒருத்தி கேட்ட கேள்வியில் மாட்டிக்கொண்டேன்.

ஆர்க்டிக் தரை அணில் குளிர்கால உறக்கத்தில் இருக்கும்போது வயிற்றுப்பகுதி வெப்பம் மைனஸ் 2.9 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். மூளை அலைகள் ஏறக்குறைய தட்டையாகும். நியூரான் கிளைகள் சுருங்கி, அவற்றின் இணைப்புகள் பல விட்டுப்போகும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை சேமித்த கொழுப்பை எரித்து உடம்பைச் சூடாக்கி எழுகிறது. எழுந்து பெரும்பாலும் செய்வது தூக்கம்தான்! இணைப்புகளும் சில மணி நேரத்தில் திரும்ப வளர்ந்துவிடுகின்றன.

பாடநூலில் இந்த ஆழம் இல்லை. மாவட்ட நூலகத்தில் தேடியாச்சு. யூடியூபில் கரடிதான் வருகிறது. அதற்கு உடல் வெப்பம் இவ்வளவு இறங்காது. விலங்கியல் பேராசிரியர் ஒருவரிடமும் கேட்டேன், பதில் வரவில்லை. வரும் வாரம் வகுப்பில் சொல்லியாக வேண்டும்.

இணைப்புகள் விட்டுப்போய்த் திரும்ப வளரும்போது, உறக்கத்துக்கு முன் கற்றது அந்த அணிலுக்கு நினைவிருக்குமா?