ஹீட் பம்ப்: வெப்ப எக்கியா, வெப்ப இறைப்பியா?

அன்பு நண்பர்களே,

கட்டடத்தைச் சூடாக்கும் "ஹீட் பம்ப்" இயந்திரத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> "மின் வெப்பமூட்டி" போதுமே, எல்லாருக்கும் புரியும்.

போதாது. டொராண்டோவில் ஒரு வணிகக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் நண்பருக்காகச் சில பக்கங்கள் மொழிபெயர்த்தபோது நானும் அப்படித்தான் போட்டிருந்தேன். அவருடைய அப்பா அதைப் படித்துவிட்டு, நல்லா இருக்கிற எரிவாயு பாய்லரை எடுத்துவிட்டுக் காயில் ஹீட்டரா வைக்கப் போகிறாய், கரண்ட் பில் எங்கே போய் நிற்கும் என்று கேட்டாராம். அவர் கேட்டது நியாயம், சொல் அதைத்தான் சொல்கிறது. காயில் ஹீட்டர் ஒரு யூனிட் மின்சாரத்தை ஒரு யூனிட் வெப்பமாக்கும், அவ்வளவுதான். ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெளியே காற்றிலோ ஆற்றுநீரிலோ மண்ணிலோ கிடக்கும் வெப்பத்தை எடுத்து உள்ளே கொண்டுவருகிறது. அதனால்தான் ஒரு யூனிட் செலவழித்தால் ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கிறது.

எனவே என் பரிந்துரை "வெப்ப இறைப்பி". கிணற்றில் நீரை நாம் உண்டாக்குவதில்லை, இறைக்கிறோம். கிணறு ஆழமாக ஆக இறைக்கும் பாடு கூடும். அதேபோல வெளியே குளிர் ஏற ஏற இந்த இயந்திரமும் அதிக மின்சாரம் கேட்கும். கோடையில் இதே இயந்திரம் திருப்பி ஓடி அறைக்குள் இருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுகிறதே, அதற்குப் பொருந்துமா என்றால், அதற்கும் இறைத்தல்தான்: படகில் புகுந்த நீரை இறைத்து வெளியே கொட்டுகிறோம் இல்லையா? ஏசியின் வெளிப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றால் முகத்தில் அடிக்கும் அனல், அறைக்குள்ளிருந்து இறைத்துக் கொட்டிய வெப்பம்தான், அதோடு கம்ப்ரசர் தின்ற மின்சாரமும் சேர்ந்து வருகிறது.

பம்ப் என்பதற்கு "எக்கி" என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது என்பது தெரியும். ஆனால் அதைக் கேட்டதும் நுனிக்காலில் எக்கி நிற்பதுதான் நினைவுக்கு வருகிறது, எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை.

இது புதுச் சரக்கு என்று நினைத்து அவசரமாகப் பெயர் வைக்கவும் வேண்டாம். சூரிச் நகர மன்றக் கட்டடத்தில் 1938-இல் வைத்த இயந்திரம் லிம்மாட் ஆற்றுநீரிலிருந்து வெப்பத்தை எடுத்துக் கட்டடத்தைச் சூடாக்கியது, 2001-இல்தான் அதை மாற்றினார்கள். இப்போது நியூயார்க் நகரம் 2021-இல் போட்ட சட்டப்படி, 2024 முதல் ஏழு மாடிக்குக் குறைந்த புதிய கட்டடங்களில், சில விதிவிலக்குகள் தவிர, சூடாக்க எரிவாயுவோ எண்ணெயோ எரிக்க முடியாது. அப்படி எதையும் எரிக்காமல் எல்லாம் மின்சாரத்திலேயே ஓடும் கட்டடத்தை "முழுமின் கட்டடம்" என்று எழுதிவருகிறேன், அதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

அப்புறம், தயவுசெய்து புணர்ச்சி பார்த்து "வெப்பவிறைப்பி" என்று சேர்த்து எழுதிவிடாதீர்கள், விறைப்பு என்று காதில் விழுகிறது. இடம் விட்டே எழுதுவோம். இலங்கை நண்பர்கள் "பம்பி" என்றே படித்தவர்கள். "வெப்பப் பம்பி" அவர்களுக்கு இயல்பாக இருந்தால் அதையும் இணைச்சொல்லாக வைத்துக்கொள்ளலாமா, அவர்களே சொல்லட்டும்.