மகள் கம்யூனிட்டி காலேஜில் குற்றவியல் நீதி படிக்கட்டுமா? (கலிபோர்னியா)

மீனலோசனி
எல்லோருக்கும் வணக்கம். மகள் ஜூனில் பள்ளி முடிக்கிறாள். மதிப்பெண்கள் மோசமில்லை. பக்கத்து ஊர் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருட அரசுக் கல்லூரி) "அட்மினிஸ்ட்ரேஷன் ஆஃப் ஜஸ்டிஸ்" எடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். வேறு மாநிலங்களில் கிரிமினல் ஜஸ்டிஸ் என்கிறார்களே, அதேதான். கட்டணம் யூனிட்டுக்கு (பாடத்தின் கிரெடிட் கணக்கு) 46 டாலர், அதைப் பற்றிக் கவலை இல்லை. அவள் அப்பாவுக்குக் கணினி வேலை. "போலீஸ் ஆகவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று ஒரு வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. இந்தப் படிப்பால் என்ன பயன் என்று யாராவது நேராகச் சொல்லுங்கள். எனக்கு ஆறுதல் வேண்டாம்.

சான்ஹோசே ரவி
நேராகவே சொல்கிறேன், வேண்டாம்.

கலிபோர்னியாவில் போலீஸ் வேலைக்குச் சட்டம் கேட்கிற குறைந்தபட்சக் கல்வி ஹைஸ்கூல் டிப்ளமோ. அதற்கு மேல் போலீஸ் பயிற்சி அகாடமி, குறைந்தது 664 மணி நேரம். துப்பாக்கி, கைது, அறிக்கை எழுதுவது எல்லாம் அங்கேதான் கற்றுத் தருவார்கள். காலேஜில் அதற்கு முன்பே இரண்டு வருடம் உட்கார்ந்து எதைப் படிப்பது? வக்கீல் ஆக ஆசையா? சட்டக் கல்லூரி எந்தப் பட்டத்தையும் ஏற்கும். பொருளாதாரமோ ஸ்டாடிஸ்டிக்ஸோ படித்துவிட்டுப் போகட்டும். எஃப்பிஐ கனவு என்றால் அங்கே நான்கு வருடப் பட்டம் கட்டாயம், வயது 23 ஆக வேண்டும்.

இது நானாகச் சொல்வதும் இல்லை. போலீஸ் கல்வியைப் பற்றி 1978-ல் லாரன்ஸ் ஷெர்மன் எழுதிய அறிக்கை ஒன்று உண்டு. வேலைப் பயிற்சியைக் கல்லூரிப் படிப்பு என்ற பெயரில் நடத்துகிறார்கள், இரண்டு வருடத்தோடு நின்றுபோகிற போலீஸ் படிப்புகளைப் படிப்படியாக மூடுங்கள் என்றது அது.

இரவுப்பணி
ரவி அங்கிள், நான் அந்தப் படிப்பைப் படித்தவள். இப்போது 911 டிஸ்பாட்சர், அவசர அழைப்புகளை எடுத்து உதவி அனுப்புகிற வேலை, இரவு ஷிஃப்ட். டிப்ளமோ போதும் என்கிறீர்கள், சரி. வயதை விட்டுவிட்டீர்களே. 2021-ல் வந்த ஏபி 89 சட்டத்துக்குப் பிறகு இங்கே போலீஸ், ஷெரிஃப் வேலைக்குப் புதிதாகச் சேர 21 வயது ஆக வேண்டும். 18-ல் பள்ளி முடிக்கிற பெண் நடுவில் மூன்று வருடம் என்ன செய்வாள்?

"எதைப் படிப்பது" என்றும் கேட்டீர்கள். முதல் செமஸ்டரில் எங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். கவுண்டி கோர்ட்டில் அரைநாள் உட்கார்ந்து, பார்த்ததை எழுதி வர வேண்டும். சினிமா மாதிரி வாதம் நடக்கும் என்று நினைத்துப் போனேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வரிசையாக ஆட்கள். ஒரு பெயரைக் கூப்பிடுவார்கள், குற்றச்சாட்டைப் படிப்பார்கள், அவருக்காக அரசு வைத்த வக்கீல் அவர் காதில் ஏதோ சொல்வார், அடுத்த தேதி. ஒருவருக்கு இரண்டு நிமிஷம் ஆனால் அதிகம். ஒரு பெரியவருக்கு மொழிபெயர்ப்பாளர் வர வேண்டியிருந்தது. காத்திருந்த நேரம் முழுவதும் அவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் வகுப்பில் 1963-ன் கிடியன் வழக்கு. வக்கீல் வைக்கக் காசில்லாதவருக்கு அரசே வக்கீல் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பான வழக்கு. அந்தப் பொத்தானைப் பார்த்திராவிட்டால் அது எனக்குத் தேர்வுக்கான ஒரு வருஷமாக மட்டும் இருந்திருக்கும்.

அப்புறம் கிரஹாம் வழக்கு. 1984, வட கரோலினாவின் சார்லட் நகரம். சர்க்கரை நோயாளி ஒருவருக்கு இன்சுலினால் உடம்பு தடுமாறுகிறது. ஆரஞ்சு ஜூஸ் வாங்கக் கடைக்குள் போகிறார், வரிசை நீளமாக இருப்பதைப் பார்த்து வேகமாக வெளியே வருகிறார். எதிரே இருந்த போலீஸ்காரருக்குச் சந்தேகம். காரை மடக்கி விலங்கு மாட்டுகிறார்கள். ஒரு நண்பர் ஜூஸ் கொண்டுவந்தும் கொடுக்க விடவில்லை. கால் எலும்பு முறிந்துவிட்டது. கடையில் எதுவும் நடக்கவில்லை என்று தெரிந்ததும் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். போலீஸ் பலம் பிரயோகித்தது சரியா என்று நாடு முழுவதும் எந்த அளவுகோலால் பார்க்கிறார்களோ, அது 1989-ல் இந்த வழக்கில் வந்த தீர்ப்புதான். சம்பவ இடத்தில் நிற்கிற ஒரு நியாயமான அதிகாரியின் கண்ணால் பார்க்க வேண்டும், பின்னால் எல்லாம் தெரிந்த பிறகு பார்க்கக் கூடாது என்றது கோர்ட். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அதைத் திட்டினார்கள், பாதிப் பேர் ஆதரித்தார்கள். அகாடமியில் அளவுகோலைச் சொல்லித் தருவார்கள். அதைத் திட்ட நேரம் தர மாட்டார்கள்.

சான்ஹோசே ரவி
நன்றாக எழுதுகிறாய் அம்மா. என் அக்கா மகன் கதையையும் கேள். காலேஜ் பெயர் வேண்டாம். இதே பாடத்தில் இரண்டு வருடம் படித்து, எல்லாவற்றிலும் ஏ வாங்கி, ஸ்டேட் யூனிவர்சிட்டிக்கு மாறப்போனான். நான்கு பாடங்களைக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்றார்கள். ஒரு வருடம் போச்சு. அவனுடைய கவுன்சிலர் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டார், கேட்க ஆளில்லை.

ஃப்ரெஸ்னோ பாலா
நான் ஒரு கம்யூனிட்டி காலேஜில் பகுதிநேரமாக இந்தப் பாடத்தை எடுப்பவன், அதனால் எனக்கும் ஒரு பக்கச்சார்பு உண்டு.

ரவி சாரின் அக்கா மகன் அனேகமாக வெறும் ஏஎஸ் (அசோசியேட் இன் சயன்ஸ், இரண்டு வருடப் பட்டம்) எடுத்திருப்பார். மீனலோசனி மேடம், இதை மட்டும் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டி வையுங்கள்: பட்டத்தின் பெயரில் கடைசியில் "டி" (T, அதாவது ட்ரான்ஸ்ஃபர்) இருக்க வேண்டும். ஏஎஸ்-டி. 2010-ல் வந்த எஸ்பி 1440 சட்டத்தின் கீழ் உருவானது. இங்கே 60 யூனிட் முடித்தால் கால் ஸ்டேட் (கலிபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) அமைப்பில் மூன்றாம் ஆண்டில் இடம் உறுதி. அதே பாடமோ அதை ஒட்டியதோ எடுத்தால் அங்கே இன்னொரு 60 யூனிட்டில் பட்டம். உறுதி என்பது அந்த அமைப்பில் ஏதோ ஒரு கேம்பஸுக்கு, நீங்கள் ஆசைப்படுகிற கேம்பஸுக்கு அல்ல. இதைப் பலர் தாமதமாகத்தான் புரிந்துகொள்கிறார்கள். வெறும் ஏஎஸ் நேரே வேலைக்குப் போகிறவர்களுக்கானது. ஒரே காலேஜ், ஒரே வகுப்பறை, ஒரே ஆசிரியர்தான். ஆனால் பாடத்தேர்வு மாறினால் யூனிட் அந்தரத்தில் நிற்கும். யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிபோர்னியா) வேண்டுமென்றால் அது தனிப் பாதை. அர்வைனில் கிரிமினாலஜி, லா அண்ட் சொசைட்டி என்று நல்ல துறை இருக்கிறது, அதற்கு வேண்டிய பாடங்களை முதல் செமஸ்டரிலேயே திட்டமிட வேண்டும்.

ஷெர்மன் அறிக்கைக்கு வருகிறேன். அது வந்த காலம் அப்படி. 1968-ன் குற்றத் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு போலீஸ்காரர்களின் படிப்புக்கு மத்திய அரசு பணத்தைக் கொட்டியது. வேலையில் நீடித்தால் கடன் தள்ளுபடி என்றார்கள். பணம் வந்ததும் ஊருக்கு ஊர் துறை திறந்தார்கள், பாடம் நடத்த ஓய்வுபெற்ற அதிகாரிகளைப் பிடித்துப் போட்டார்கள். திட்டினது நியாயம். இப்போது பாடத்திட்டம் மாறிவிட்டது. ஆனால் பழைய நோய் முழுவதும் போகவில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். சாட்சியச் சட்டம் நடத்த வேண்டிய மணி நேரத்தில் 1994-ல் தான் துரத்திப் பிடித்த திருடனைப் பற்றியே பேசுகிற ஆட்கள் இன்னும் உண்டு. சேர்வதற்கு முன் ஆசிரியர் யாரென்று விசாரியுங்கள்.

விசா வேலன்
ஒரு சின்ன விஷயம். நீங்கள் இன்னும் எச்-4 விசாவில் (எச்-1பி விசாவில் வேலை செய்பவரின் குடும்பத்துக்குத் தருவது) இருந்தால் கணக்கே வேறு. 2022-ல் வந்த எஸ்பி 960 இங்கே போலீஸ் வேலைக்குக் குடியுரிமை வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டது, ஆனால் வேலை செய்யும் அனுமதி கட்டாயம். எச்-4-ல் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த அனுமதி கிடையாது, 21 வயதில் அந்த விசாவே முடிந்துவிடும். போலீஸில் சேரக் கதவு திறக்கிற அதே பிறந்தநாளில்.

மீனலோசனி
எங்களுக்கு கிரீன் கார்டு வந்துவிட்டது வேலன், நன்றி. பாலா சார், அந்த "டி" இன்றே ஃப்ரிட்ஜில் ஏறிவிட்டது. இவர் பயப்படுவது யூனிட்டுக்காக இல்லை என்பது இப்போதுதான் எனக்கே புரிகிறது. பெண் பிள்ளை, துப்பாக்கி, இரவு வேலை, இதுதான். ஊரில் கேட்டால் என்ன சொல்வது என்பதும் இருக்கிறது. அதை வெளியே சொல்ல மாட்டார்.

இரவுப்பணி
அக்கா, இந்தப் படிப்பு முடித்தவர்கள் எல்லோரும் துப்பாக்கி கட்டுவதில்லை. என் வகுப்பில் ஒருத்தி கோர்ட் கிளர்க், ஒருவன் மேலே படித்துப் புரொபேஷன் அதிகாரியாக (தண்டனை பெற்று வெளியே இருப்பவர்களைக் கண்காணிப்பவர்) இருக்கிறான், இன்னொருத்தி பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுகிற அலுவலகத்தில்.

என் வேலையையே பாருங்களேன். போன குளிர்காலத்தில் ஒரு அழைப்பு. "அய்யோ, இவருக்கு நெஞ்சு" என்று ஒரு பாட்டி குரல். மொழிபெயர்ப்பு லைனைப் போட இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். "பாட்டி, நான் தமிழ்தான், வீட்டு நம்பர் சொல்லுங்க" என்றேன். நம்பர் தெரியவில்லை. மகன் வேலைக்குப் போயிருக்கிறான், எதிர்வீட்டு வாசலில் சிவப்புக் கார் நிற்கிறது என்கிறார். மேஜை மேல் ஏதாவது தபால் கிடக்கிறதா, அதில் இருக்கிற எழுத்தை ஒவ்வொன்றாகப் படியுங்கள் என்றேன். படித்தார். ஆம்புலன்ஸ் போய்விட்டது.

சான்ஹோசே ரவி
கண்ணில் நீர் வந்துவிட்டது, உண்மையாகவே. ஆனால் அங்கே உதவியது உன் தமிழ். டிகிரி இல்லை.

இரவுப்பணி
ஹாஹா, மாட்டிக்கொண்டேன். வேலைக்கு எடுக்கும்போதும் டிகிரி கேட்கவில்லை, டைப்பிங் வேகம்தான் பார்த்தார்கள். ஆனால் அந்த வேலை ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு வகுப்புக்கு வந்து பேசிய ஒரு சூப்பர்வைசர் சொல்லித்தான் தெரியும்.

ஃப்ரெஸ்னோ பாலா
மேடம், ஒரே ஒரு பாடம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அறிமுகப் பாடம் 3 யூனிட், 138 டாலர். பள்ளியில் இருக்கும்போதே எடுத்தால் பல காலேஜ்களில் அதுவும் தள்ளுபடி. பிடிக்கவில்லை என்றால் போனது ஒரு செமஸ்டரில் ஒரு பாடம்.

மீனலோசனி
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இப்போதே ஆன்லைனில் அந்த அறிமுகப் பாடத்தில் சேர்ந்துவிட்டாள். நேற்று இரவு சாப்பிடும்போது இவரிடம் அந்த ஆரஞ்சு ஜூஸ் வழக்கைச் சொன்னாள். இவர் போலீஸ்காரர் பக்கம். "கடையிலிருந்து ஒருத்தன் ஓடி வந்தால் சந்தேகப்படாமல் என்ன செய்வான்?" என்கிறார். "நிறுத்தியது சரி, ஜூஸை ஏன் தடுத்தான்?" என்று அவள் கேட்கிறாள். முக்கால் மணி நேரம். நான் ரசத்தை இரண்டு முறை சூடு பண்ணினேன்.

சான்ஹோசே ரவி
ஜூஸ் விஷயத்தில் நான் உங்கள் மகள் பக்கம். படிப்பு விஷயத்தில் இன்னமும் ஸ்டாடிஸ்டிக்ஸ்தான் சொல்வேன்.

ஃப்ரெஸ்னோ பாலா
ஏஎஸ்-டிக்கு ஒரு கணக்குப் பாடம் கட்டாயம் சார். ஸ்டாடிஸ்டிக்ஸையே அதற்கு எடுக்கலாம்.