லைனிங் மாற்றியும் பிரேக் பிடிக்காத பழைய டிராக்டர்: எங்கள் அனுபவம்

மன்னார்குடி பக்கத்திலிருந்து:

எங்கள் வண்டி மஹிந்திரா பி-275. அப்பா 1986-ல் வாங்கியது. போன தை அறுவடையில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு கொள்முதல் நிலையத்துக்குப் போகும்போது, வடவாற்றுக் கரையில் ஆடு ஒன்று குறுக்கே வந்துவிட்டது. டிராக்டரில் இடப் பின்சக்கரத்துக்கும் வலப் பின்சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக் பெடல்; இரண்டையும் சேர்த்துத்தான் மிதித்தேன். வண்டி நிற்காமல் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போய், முன்சக்கரம் கரை விளிம்புப் புல்லில் ஏறித்தான் நின்றது. டிரெய்லரில் மூட்டை மேல் என் மகன் உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

இத்தனைக்கும் இரண்டு வருஷத்தில் இரண்டு தடவை வலப்பக்க பிரேக் லைனிங் (உராய்ந்து வண்டியை நிறுத்தும் பட்டை) மாற்றியாகிவிட்டது. மாற்றினால் ஒரு மாதம் நன்றாகப் பிடிக்கும், அப்புறம் பழையபடிதான். இந்த முறை நானே பிரிப்பது என்று மச்சானைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டேன்.

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் பனந்துண்டு அடுக்கினோம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடாதீர்கள். பிரேக் ஹவுசிங்கைக் கழற்றியதுமே கியர் ஆயில் வாடை. டிஸ்க் லைனிங் தேயவே இல்லை, எண்ணெயில் ஊறிக் கருத்துப் பளபளத்தது. உள்ளே ஷாஃப்டின் ஆயில் சீல் (எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்) உதடு காய்ந்த தோல் மாதிரி விறைத்துப் போயிருந்தது. ஷாஃப்டைத் துடைத்துவிட்டு நகத்தை வைத்து இழுத்தேன். சீல் ஓடிய இடத்தில் நகம் தட்டி நின்றது, அவ்வளவு பள்ளம். புது சீல் போட்டாலும் அதே பள்ளத்தில் உட்கார்ந்தால் மறுபடி கசியத்தானே செய்யும்?

லேத் பட்டறைப் பெரியவர்தான் வழி சொன்னார். சீலை முழுக்க உள்ளே அடிக்காமல் இரண்டு மில்லிமீட்டர் வெளியே நிறுத்தச் சொன்னார். உதடு பள்ளத்தைத் தாண்டித் தேயாத இடத்தில் உட்காரும். கையோடு, கியர் பெட்டியின் மூச்சுத் துளையையும் பார்க்கச் சொன்னார். போய்ப் பார்த்தால் குளவி மண் வைத்து அடைத்திருக்கிறது! பெட்டி சூடாகும்போது உள்ளே ஏறும் அழுத்தம் போக வழியில்லாமல் எண்ணெயை சீல் வழியாகத் தள்ளியிருக்கிறது. இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுதுகிறேன். லைனிங்குக்குக் காசு கொடுக்கும் முன் எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்.

இன்னொன்று. இந்த வண்டியில் இரண்டு டிஸ்குக்கு நடுவில் இரண்டு இரும்புத் தட்டுகள், அவற்றுக்கு நடுவே சரிவான குழிகளில் எஃகு உருண்டைகள். பெடலை மிதித்தால் தட்டுகள் லேசாகத் திரும்பும், உருண்டைகள் சரிவில் ஏறித் தட்டுகளை விரித்து டிஸ்கை அழுத்தும். சேற்றுழவுத் தண்ணீர் போய் அந்தக் குழிகள் துருப்பிடித்திருந்தன. டீசலில் கழுவி, நைஸ் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கடைசியில் பெட்ரோலில் அலசினோம். குழியில் மட்டும் சூடு தாங்கும் கிரீஸ் கொஞ்சமாகத் தடவினால் போதும். கூடினால் அதுவே லைனிங்குக்குப் போய்விடும். எண்ணெய் குடித்த லைனிங்கைக் கழுவிப் போடலாம் என்றான் மச்சான். நான் ஒத்துக்கொள்ளவில்லை, சூடேறினால் எண்ணெய் திரும்பக் கசியும். இரண்டு பக்கமும் புதிதாகவே போட்டோம்.

கடைசியாகக் காலி ரோட்டில், டிரெய்லர் இல்லாமல், இரண்டு பெடலும் சேர்ந்தே இறங்கும்படி தாழ் போட்டு மிதித்துப் பார்த்தோம். டயர் தேய்ந்த தடம் இரண்டு பக்கமும் ஒரே நீளத்தில் விழும் வரை பெடலிலிருந்து பிரேக்குக்குப் போகும் ராடைத் திருகித் திருகி வைத்தோம்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து:

அண்ணா, பையனுக்கு ஒன்றும் ஆகாதது பெரிய நிம்மதிங்க. எங்களுடையது பழைய மேஸி ஃபெர்குசன் டிராக்டர், டிரம் பிரேக். அதில் இடப்பக்க ஷூதான் (லைனிங் ஒட்டிய வளைந்த கட்டை) எப்போதும் முதலில் தேயும். காரணம் ரொம்ப நாள் தெரியவில்லை. அப்புறம்தான் கவனித்தேன், உழும்போது நான் வரப்போரம் எப்போதும் இடப்பக்கமே மிதித்துத் திருப்புகிறேன். இப்போது மாற்றி மாற்றித் திருப்புகிறேன்.

ஒரு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், அந்தத் தூசி மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கெடுதல். டிரம் தூசியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதவே வேண்டாம், ஈரத்துணியில் துடைத்தெடுங்கள். காடு உழுதுவிட்டு ரோட்டுக்கு ஏறும்போது தாழ் போட மறந்து, ஒற்றைப் பெடலை மிதித்து வண்டி கவிழ்ந்ததை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். நம் டிரெய்லர்களில் பெரும்பாலும் பிரேக்கே கிடையாது, அத்தனை பாரமும் முதுகில்தான் வந்து தள்ளும்.

மன்னார்குடி பக்கத்திலிருந்து:

நன்றி தம்பி. கல்நார் விஷயம் எனக்குத் தெரியாது, அன்றைக்கு நாங்கள் ஊதித்தான் சுத்தம் செய்தோம். இனி துணிதான். தாழ் போட்டாயா என்று மட்கார்டில் பெயின்டால் எழுதச் சொல்லி மகனிடம் கொடுத்திருக்கிறேன். ஆறு மாதமாக ஹவுசிங்கில் கசிவு இல்லை. குறுவைச் சேற்றுழவு முடிந்ததும் மறுபடி திறந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.