எரிக் கிளாப்டன் சிக்னேச்சர் மாடல் மார்ட்டின் கிட்டார்: வாங்கலாமா?

வணக்கம். பழைய மார்ட்டின் 000-28இசி ஒன்று சென்னையில் விலைக்கு வந்திருக்கிறது. ஆங்கில கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் பெயரில் 1996 முதல் வரும் மாடல். எனக்கு அது நான்கு மாதச் சம்பளம். விற்பவர் ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் கேட்கிறார், என்னால் முடிவெடுக்க முடியவில்லை.

ஏழு வருடமாக என்னிடம் இருப்பது யமஹா எஃப்ஜி800. பிக் இல்லாமல் விரலால்தான் வாசிப்பேன்.

மூன்று முறை நேரில் போய் வாசித்துவிட்டேன். நட் (கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் பட்டை) அகலம் 44.5 மி.மீ., என்னுடையது 43. அந்த ஒன்றரை மில்லிமீட்டரில் விரல்களுக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது! ஸ்கேல், அதாவது கம்பியின் அதிரும் நீளம், 24.9 அங்குலம், கம்பி இறுக்கமாகத் தெரிவதில்லை. மேற்பலகை சிட்கா ஸ்ப்ரூஸ். பின்பக்கமும் பக்கவாட்டும் ஈட்டி, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் அதே மரம். ஒலி மனதை விட்டு அகலவில்லை. விரிசல் இல்லை, கழுத்து நேராக இருக்கிறது, 12ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தடித்த கம்பியின் உயரம் 2.5 மி.மீ.

சிக்கல், கழுத்தின் 'வி' வடிவம்: பின்பக்கம் உருண்டையாக இல்லாமல் நடுவில் மேடாக இருக்கும். அரை மணி நேரம் பாரே கார்டு (ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்துவது) பிடித்தால் இடது கட்டைவிரலின் அடிப்பகுதி வலிக்கிறது. யமஹாவில் இப்படி வந்ததே இல்லை. கட்டைவிரலைக் கழுத்துக்கு மேலே வளைத்துப் பிடித்தால் வலி இல்லை, ஆனால் நான் வாசிப்பவற்றுக்கு அந்தப் பிடி சரிவரவில்லை. மெல்லிய கம்பி மாட்டிப் பார்த்தோம், பலன் இல்லை. அப்புறம், ஒப்பிட்டுப் பார்க்க, கிளாப்டன் பெயர் இல்லாத சாதாரண 000-28 தேடினேன், இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

'வி' கழுத்துக்கு மாறியவர்கள் சொல்லுங்கள்: சில மாதங்களில் கை பழகி இந்த வலி போய்விடுமா?