சித்தப்பாவின் பென்சன் எந்த ஊரில் காணும்?

குழு: முள்ளியவளை வீட்டார்

சனிக்கிழமை, மாலை

லண்டன் சித்தப்பா: எல்லோருக்கும் வணக்கம். ஒரு விஷயத்தில் உங்கள் யோசனை வேண்டும். எனக்கு 66 ஆகிறது, வேலையை விடப் போகிறேன். 35 வருடம் நிறைவாகக் கட்டியதால் முழு அரசாங்கப் பென்சன் வரும். 2025 கணக்கில் வாரம் 230.25 பவுண்ஸ். மாதம் 1,000 பவுண்ஸுக்குக் கொஞ்சம் குறைவு.

லண்டன் சித்தப்பா: இதை வைத்து இரண்டு பேர் லண்டனில் காலம் தள்ளுவது கஷ்டம். என்னோடு வேலை செய்தவர் ஒருவர் தாய்லாந்தில் சியாங் மாய்க்குப் போய்விட்டார். வாடகை, சாப்பாடு, மருந்து எல்லாம் மலிவு என்கிறார். சித்தியும் நானும் அங்கே போகலாமா என்று பார்க்கிறேன்.

ரொறன்ரோ மாமி: தாய்லாந்தா? அங்கே நமக்கு யார் இருக்கிறார்கள் தம்பி?

லண்டன் தங்கச்சி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியண்ணா: சித்தப்பா, அவ்வளவு தூரம் ஏன்? இங்கே முள்ளியவளைக்கு வாருங்கள். உங்கள் பென்சன் இலங்கைக் காசில் மாதம் 4 இலட்சம் வரும். வயலும் மாடும் வைத்திருக்கிற நாங்கள் பிள்ளைகளையும் படிப்பித்துக்கொண்டு அதில் பாதிக்கும் குறைவாகச் செலவழிக்கிறோம்.

லண்டன் சித்தப்பா: அதுவும் மனதில் இருக்கிறது. ஆனால் 2022 பொருளாதார நெருக்கடியில் நீங்கள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு பயமாக இருக்கிறது.

பெரியண்ணா: பயப்பட வேண்டியதுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். டொலர் 200 இல் இருந்து 360 க்குப் போனது. வெளிநாட்டுக் காசு வைத்திருந்தவர்களுக்கு அது கைக்கு வந்த கணக்கில் கூடத்தான். ஆனால் காசு இருந்தும் டீசல் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, காஸ் சிலிண்டர் இல்லை. உழவு இயந்திரத்தைக் கொட்டிலில் விட்டுவிட்டுத்தான் இருந்தேன். இப்போது எல்லாம் கிடைக்கிறது, விலைதான் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. 2025 இல் சிலிண்டர் 3,700 க்குக் கிட்ட இருந்தது, நாட்டரிசி கிலோ 230.

நான்: சித்தப்பா, முதலில் தாய்லாந்துக் கணக்கைப் பார்ப்போம். ஓய்வு விசாவுக்கு வயது 50 தாண்டினால் போதும். ஆனால் வங்கியில் 800,000 பாத் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாதம் 65,000 பாத் வருமானம் காட்ட வேண்டும். 65,000 பாத் கிட்டத்தட்ட 1,500 பவுண்ஸ். உங்கள் அரசாங்கப் பென்சன் தனியே அதற்குக் காணாது.

லண்டன் சித்தப்பா: 800,000 என்றால் 18,000 பவுண்ஸ் சொச்சம். அது சேமிப்பில் இருக்கிறது பிள்ளை.

நான்: இருக்கட்டும். அது அங்கே முடங்கிக் கிடக்கும். ஒவ்வொரு வருடமும் விசாவைப் புதுப்பிக்கும்போது திரும்பக் காட்ட வேண்டும். 90 நாளுக்கு ஒருமுறை குடிவரவுக்கு முகவரி அறிவிக்க வேண்டும். காணியை வெளிநாட்டவர் பெயரில் வாங்க முடியாது. மாடி வீடு வாங்கலாம், ஒரு கட்டடத்தில் வெளிநாட்டவருக்கு 49 வீதம்தான். எத்தனை வருடம் இருந்தாலும் விசாவில் இருப்பவராகவேதான் இருப்பீர்கள்.

சின்னக்கா: வேலை முடிந்து இப்போதுதான் வாசித்தேன். சித்தப்பா, உங்களுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, சீனி வருத்தமும் இருக்கிறது. ஏற்கனவே உள்ள வருத்தத்தைக் காப்புறுதிக்காரர் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் கட்டணம் கூட. 70 தாண்டினால் இன்னும் ஏறும். உங்கள் நண்பர் மருந்து மலிவு என்று சொன்னது தடிமன் காய்ச்சலுக்குச் சரி. நெஞ்சுவலிக்கு அந்தக் கணக்கு வேறு.

சின்னக்கா: இன்னொன்று. சியாங் மாயில் மாசி முதல் சித்திரை வரை வயலும் காடும் எரிக்கிற புகை. அந்த மாதங்களில் உலகத்திலேயே காற்று மோசமான நகரங்களில் ஒன்றாகிவிடும். இதய நோயாளி போய் இருக்கிற இடம் இல்லை.

ரொறன்ரோ மாமி: என்னுடைய சிநேகிதி ஒருத்தி பினாங்கு என்கிறாள். கோயில் இருக்கிறது, தமிழ் பேசலாம், நல்ல ஆஸ்பத்திரிகள் என்று.

நான்: மாமி, அது எல்லாம் உண்மை. ஆனால் மலேசியாவின் நீண்டகால விசாவை 2024 இல் மாற்றிவிட்டார்கள். சாதாரணப் பிரிவில் ஆகக் குறைந்த படிக்கே 150,000 அமெரிக்க டொலர் வைப்பில் போட வேண்டும், அதற்கு மேல் 600,000 ரிங்கிட்டுக்குக் குறையாமல் வீடும் வாங்க வேண்டும். மலிவாக இருக்கப் போகிறவர்களுக்கான கதவு இல்லை அது.

ரொறன்ரோ மாமி: அப்போ விடு 🙏

லண்டன் தங்கச்சி: அப்பா, இதை நான் குழுவில் வாசித்துத்தான் அறிய வேண்டுமா?

லண்டன் சித்தப்பா: முடிவு எடுக்கவில்லை மகள். யோசிக்கிறேன் என்றுதான் எழுதினேன்.

லண்டன் தங்கச்சி: சரி. அப்போ இதையும் சேர்த்து யோசியுங்கள். தாய்லாந்தில் நிரந்தரமாக இருந்தால் உங்கள் பென்சன் போகிற அன்று என்னவோ அதுவேதான் கடைசி வரை. வருடா வருடம் கூட்ட மாட்டார்கள். இலங்கைக்குப் போனாலும் அப்படித்தான், மலேசியாவும் அப்படித்தான். பிலிப்பைன்ஸுக்குக் கூட்டுகிறார்கள், ஏனென்றால் அதோடு ஒப்பந்தம் இருக்கிறது.

பெரியண்ணா: வருடம் எவ்வளவுதான் கூட்டுவார்கள்?

லண்டன் தங்கச்சி: ஒரு வருடத்தில் பெரிதாகத் தெரியாது அண்ணா. 2005 இல் பழைய முறையின் அடிப்படைப் பென்சன் வாரம் 82.05 பவுண்ஸ். அன்று அப்படியான நாட்டுக்குப் போனவர் இன்றும் அதையேதான் எடுக்கிறார். இங்கேயே இருந்தவருக்கு அதே பழைய முறைப் பென்சன் 2025 இல் 176.45. இருபது வருடத்தில் பாதிக்கும் கீழே. அப்பாவுக்கு இன்று 66. 86 வயதில் கை நடுங்கும்போதுதான் அந்த வித்தியாசம் தெரியும்.

லண்டன் தங்கச்சி: அதோடு நிரந்தரமாக வெளியே போனவருக்கு இங்கே இலவச வைத்தியமும் நின்றுவிடும். வருத்தம் வந்தால் பறந்து வந்து காட்டிவிட்டுத் திரும்பிப் போகலாம் என்று நினைக்காதீர்கள். திரும்பவும் இங்கேயே குடியிருக்க வந்தால்தான் கிடைக்கும்.

லண்டன் சித்தப்பா: பென்சன் உறைந்துபோகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இலங்கைக்கும் அப்படி என்று தெரியாது.

ரொறன்ரோ மாமி: எங்கள் பக்கமும் கண்டிஷன் இருக்கிறது தம்பி. 18 வயதுக்குப் பிறகு 20 வருடம் கனடாவில் இருந்திருந்தால் முதியோர் பென்சன் எந்த நாட்டுக்கும் வரும். எனக்கு அது சரி. ஆனால் வருமானம் குறைந்தவர்களுக்கு அதோடு சேர்த்துத் தருகிற உதவிப் பணம் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் நின்றுவிடும். ஒன்ராரியோ வைத்திய அட்டைக்கும் 12 மாதத்தில் 153 நாள் இங்கே இருக்க வேண்டும். உங்கள் மாமா போன பிறகு அந்த உதவிப் பணத்தில்தான் என் வாடகை போகிறது.

ரொறன்ரோ மாமி: அதனால் நான் கார்த்திகையில் வந்து பங்குனியில் திரும்புகிறேன். குளிரும் போகும், பணமும் நிற்காது.

சனிக்கிழமை, இரவு

லண்டன் சித்தப்பா: சரி, தாய்லாந்தைத் தள்ளி வைப்போம். ஊருக்கு வந்தால் காணி எப்படி?

பெரியண்ணா: முத்தையன்கட்டில் அப்பப்பாவின் வயல் இருக்கிறதே. உங்கள் பங்கில் மேட்டுப் பக்கமாக ஒரு வீடு போடலாம்.

நான்: அண்ணா, பங்கு என்ற பேச்சை அதில் எடுக்காதே. அது அரசாங்கம் பேர்மிட்டில் கொடுத்த காணி. நினைத்தபடி துண்டு போடவோ விற்கவோ முடியாது. பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். பின்னுரித்தாளர் என்று யார் பெயர் பதிந்திருக்கிறதோ அவருக்குத்தான் போகும்.

அப்பா: ஐயா என் பெயரைத்தான் பதிந்துவிட்டுப் போனார். தம்பி, நீ கோபிக்கக் கூடாது.

லண்டன் சித்தப்பா: அண்ணை, அந்த வயலில் நின்று வெட்டியது நீங்கள். நான் அதைக் கேட்கவே மாட்டேன். வீட்டு வளவு உறுதிப் பத்திரம் உள்ள சொந்தக் காணிதானே?

அப்பா: அது உறுதி. 2009 யுத்தத்தில் கையில் இருந்தது எல்லாம் போய்விட்டது. பிறகு காணிப் பதிவகத்தில் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

நான்: அதில் உங்கள் முதுசப் பங்கு போகாது சித்தப்பா. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் காணி வாங்குவதைத் தடுக்கிறது, பெற்றோரிடமிருந்து உரிமையாக வருவதைத் தடுக்கவில்லை. ஆனால் பிரித்தானியக் குடியுரிமை எடுத்தபோது உங்கள் இலங்கைக் குடியுரிமை போய்விட்டது. இன்றைய நிலையில் பக்கத்து வளவை நீங்கள் விலைக்கு வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை எடுத்தால் வாங்கலாம், விசாவும் தேவையில்லை. 55 வயது தாண்டியவர்கள் அந்த வயதை வைத்தே விண்ணப்பிக்கலாம்.

நான்: ஒன்று கேட்கிறேன். தெரிந்தவர் பெயரில் வாங்கி விடுகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்க வேண்டாம். வாழ்நாள் உழைப்பை இன்னொருவர் பெயரில் எழுதிவிட்டு முதுமையில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டி வரும். வேலையிடத்தில் அப்படி அழுதுகொண்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன்.

சின்னக்கா: நான் வைத்தியப் பக்கத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளம். மாவட்ட ஆஸ்பத்திரி மாஞ்சோலையில், வீட்டிலிருந்து கிட்ட. வைத்தியம் இலவசம். 1990 க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், அதற்கும் காசு இல்லை. சீனி, பிரஷர் கிளினிக் ஒழுங்காக நடக்கும், விடியவே போய் நம்பர் எடுத்துக் காத்திருக்க வேண்டும். சில மருந்தை வெளியே வாங்கச் சொல்வார்கள். ஆனால் நெஞ்சுக்கு என்று பெரிதாக ஏதாவது செய்வதென்றால் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குத்தான் ஏற்றுவார்கள். பரந்தன் வழியாக இரண்டு மணித்தியாலத்துக்கு மேல். அந்த இரண்டு மணித்தியாலத்தை நினைத்து முடிவு எடுங்கள்.

சின்னக்கா: வந்தவுடன் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கக் கொடுக்க வேண்டும். வன்னியில் பல இடத்தில் கடினத் தண்ணீர். வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக வருத்தம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். சீனி உள்ளவர் குடிக்கும் தண்ணீரில் கவனக்குறைவாக இருக்க முடியாது. வடிகட்டிய தண்ணீர்க் கானில் வாங்கலாம், பெரிய செலவில்லை.

பெரியண்ணா: நான் இருக்கிறேன் தானே, எந்த நேரமும் ஏற்றிக்கொண்டு போவேன்.

சின்னக்கா: நீ இருக்கிறாய் அண்ணா. விதைப்பு நேரத்தில் இரவு காவலுக்கு வயலில் இருப்பாய். யானை வருகிற நேரத்தில் போன் எடுக்கவும் மாட்டாய். நம் ஒழுங்கையில் எத்தனை வீட்டில் வயதானவர்கள் தனியே இருக்கிறார்கள்? பிள்ளைகள் எல்லாம் வெளியில். காசு மாதம் தவறாமல் வருகிறது. இரவில் விழுந்தால் தூக்க ஆள் இல்லை.

நான்: அக்கா சொல்வதுதான் எனக்கும் உறுத்துகிறது. மலிவு என்று எல்லோரும் போடுகிற கணக்கு, நடந்து கடைக்குப் போகக்கூடிய 66 வயதுக்காரருக்கான கணக்கு. அரிசி, வாடகை, ஓட்டோ. 80 வயதில் அரிசிக்குச் செலவு குறையும். கூட இருந்து பார்க்கிற ஆளுக்கான செலவு தொடங்கும். அந்த ஆள் சியாங் மாயிலும் வேண்டும், முள்ளியவளையிலும் வேண்டும். இங்கே அந்த ஆளோடு தமிழில் பேசலாம், மாமன் மச்சான் எட்டிப் பார்ப்பார்கள். அந்த அளவில் இங்கே நல்லது என்று நான் மனமார நினைக்கிறேன். ஆனால் ஆளை இப்போதே ஒழுங்கு செய்துவிட்டுத்தான் வர வேண்டும்.

லண்டன் சித்தப்பா: 👍🏾 இதை நான் இப்படிப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, காலை

சித்தி: எல்லோரும் எழுதியதை இரவு முழுக்க வாசித்தேன். என்னை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எனக்குச் சியாங் மாயும் வேண்டாம், ஊரில் நிரந்தரமும் வேண்டாம். மகளுக்கு ஆனியில் இரண்டாவது குழந்தை. அந்தப் பிள்ளையை நான் தூக்க வேண்டும். அதே நேரம் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலை இன்னொருமுறை பார்க்காமல் சாகவும் விருப்பமில்லை.

ரொறன்ரோ மாமி: என்னோடு சேர்ந்து வாருங்கள் மச்சாள். பாதி அங்கே, பாதி இங்கே.

லண்டன் தங்கச்சி: அம்மா ❤️ அப்படி என்றால் நீங்கள் லண்டனில் குடியிருப்பவர்களாகவே கணக்கு. பென்சன் வருடா வருடம் கூடும், ஆஸ்பத்திரியும் கையை விட்டுப் போகாது.

லண்டன் சித்தப்பா: அப்போ லண்டன் வீட்டுச் செலவும் இருக்கும். இரண்டு இடத்திலும் வாடகை கட்டினால் மிச்சம் எங்கே? நான் மிச்சம் பிடிக்கத்தானே இந்தப் பேச்சைத் தொடங்கினேன்.

லண்டன் தங்கச்சி: அந்த வீடு இரண்டு பேருக்குப் பெரிது அப்பா. சின்னதுக்கு மாறுவதைப் பற்றி வீட்டுக்கு வந்து பேசுகிறேன். குழுவில் வேண்டாம்.

பெரியண்ணா: இங்கே கட்டுவதை இப்போது யோசிக்க வேண்டாம் சித்தப்பா. வாடகைக்கு இருந்து பாருங்கள். தையில் மட்டும் வந்து பச்சை வயலைப் பார்த்துவிட்டு முடிவு எடுக்காதீர்கள். மாரியும் பாருங்கள், 2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றது. ஆடி வெயிலும் பாருங்கள்.

சின்னக்கா: மாரி என்றால் டெங்கும் சேர்த்து. நுளம்பு வலை கட்டாயம்.

அப்பா: மாஞ்சோலைப் பக்கம் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் வீடு சும்மா கிடக்கிறது. அவர் பிள்ளைகளோடு கொழும்பில். படி இல்லை, குளியலறை உள்ளேயே இருக்கிறது, நல்ல கிணறு. வாடகை கேட்டுச் சொல்கிறேன்.

சித்தி: அண்ணை, குளியலறையில் கைப்பிடி பூட்டலாமா என்று கேளுங்கள். இவருக்கு முழங்காலும் சரியில்லை.

அப்பா: கேட்கிறேன்.

லண்டன் சித்தப்பா: சரி. அடுத்த கார்த்திகையில் வந்து ஐந்து மாதம் இருக்கிறோம். அதற்குள் இரட்டைக் குடியுரிமைக்குப் போடுவோம். என்னென்ன வேண்டும் பிள்ளை?

நான்: பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பிரித்தானியக் குடியுரிமைப் பத்திரம், இப்போதைய கடவுச்சீட்டு, அங்கத்தைய பொலிஸ் அறிக்கை. பழைய இலங்கைக் கடவுச்சீட்டு இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். சித்திக்கும் சேர்த்தே போடுங்கள்.

சித்தி: என்னுடையது எல்லாம் அலுமாரியில் இருக்கிறது. இவருடைய பிறப்புச் சான்றிதழ்தான் இல்லை.

பெரியண்ணா: நாளைக்கு முல்லைத்தீவுக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) பக்கம் போகிற வேலை இருக்கிறது, கேட்டு எடுத்துவிடுகிறேன். சித்தப்பா, பிறந்த திகதியையும் அப்பப்பா, அப்பம்மாவின் முழுப் பெயரையும் எனக்குத் தனியாக அனுப்புங்கள், குழுவில் போட வேண்டாம்.