புதுப்பிப்பு: கடிகார மேஜை வெளிச்சம் சரியாகிவிட்டது

குன்னூரில் மூடுபனி இறங்கினால் மூன்று மணிக்கே என் கடிகார ரிப்பேர் மேஜை இருட்டிவிடுகிறது, 61 வயதுக் கண்ணுக்குத் திருகே தெரியவில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் தலைக்கு மேலிருந்த 9 வாட் பல்பை மாற்றி 20 வாட் போட்டேன். தண்டம். குனிந்தால் என் தலை நிழல்தான் வேலைமேல் விழுந்தது. ‘வெளிச்சத்தைக் கூட்டாதீங்க, கீழே இறக்குங்க’ என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் பலித்தது. இடமும் வலமுமாக இரண்டு எல்இடி மேஜை விளக்கு, கண்மட்டத்துக்குக் கீழே. பாலிஷ் போட்ட தகடு பளீரென்று அடித்துக் கண் கூசியதால் விளக்குகளுக்கு முன்னால் பட்டர் பேப்பர் ஒட்டினேன்.

எதிர்பாராத லாபம் ஒன்று: திருகு தெறித்துவிட்டால் ஒரு விளக்கை அணைக்கிறேன், எள்ளளவு திருகுக்கும் நீளமாக நிழல் விழுகிறது, உடனே கிடைக்கிறது. கண்ணில் மாட்டும் லென்ஸ்தான் பனியில் இன்னும் ஆவி பிடிக்கிறது.