51 செவர்லே 3100: பெயின்ட் முடிஞ்ச பிறகு ஸ்டார்ட்டர் இழுக்கலை

கேள்வி:
1951 செவர்லே 3100 பிக்கப், 216 கன அங்குல இன்ஜின், இன்னும் 6 வோல்ட்தான். சேசிஸுக்கு பவுடர் கோட், கேபினுக்கு பெயின்ட் முடிச்சு எல்லாம் ஏத்தியாச்சு. கால் ஸ்டார்ட்டரை மிதிச்சா அரைச்சுற்று சுத்தி நின்னுடுது. ஹெட்லைட்டும் மங்கல். பேட்டரி புதுசு, 6.3 காட்டுது. ஸ்டார்ட்டர் வெளியே வச்சுப் பார்த்தா நல்லா சுத்துது. இன்னொண்ணு: கதவுக் கைப்பிடி பட்டன் அமுக்குற வகை. 51-க்கு அது சரியா?

பதில்:
கேபிள் என்ன தடிமன்? 12 வோல்ட் வண்டிக்குப் போடுற 4 கேஜ் (கம்பித் தடிமன் அளவு) கேபிள் இதுக்குப் பத்தாது. அதே வேலைக்கு 6 வோல்ட்டில் கரண்ட் இரண்டு மடங்கு ஓடும். 2/0 கேபிள், கிட்டத்தட்ட 67 சதுர மி.மீ. செம்பு, போடுங்க.

பதில்:
12-க்கு மாத்திடுங்க, தொல்லை விட்டுது.

பதில்:
மாத்தினாலும் எர்த் கோளாறு அப்படியேதான் இருக்கும். கூடவே பல்பு, பெட்ரோல் கேஜ், ஹீட்டர் எல்லாத்துக்கும் வழி பண்ணணும். முதல்ல அளந்து பாருங்க அண்ணே. இன்ஜின் ஸ்டார்ட் ஆகாம இருக்க காயில் வயரைக் கழட்டிட்டு ஒருத்தரை மிதிக்கச் சொல்லுங்க. மீட்டர் முனையை கிளாம்ப்பில் வைக்காம பேட்டரி போஸ்ட்டிலேயே வைக்கணும். பிளஸ் போஸ்ட்டுக்கும் ஸ்டார்ட்டர் முனைக்கும் நடுவில ஒரு தடவை, மைனஸ் போஸ்ட்டுக்கும் ஸ்டார்ட்டர் உடம்புக்கும் நடுவில ஒரு தடவை. எதுவும் 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

கேட்டவர்:
பிளஸ் பக்கம் 0.4, மைனஸ் பக்கம் 1.1. கேபிள் 4 கேஜ்தான். எர்த் பட்டை சேசிஸில் மாட்டியிருக்கு.

பதில்:
அதுதான் காரணம். இன்ஜின் ரப்பர் மவுன்ட்டில உட்கார்ந்திருக்கு, சேசிஸ் முழுக்க பவுடர் கோட், அதுல கரண்ட் பாயாது. கரண்ட் திரும்பி வர சரியான வழி இல்லை. எர்த் பட்டையை கியர்பாக்ஸ் போல்ட்டுக்கே நேரா கொண்டு போங்க. அங்கிருந்து சேசிஸுக்கும் கேபினுக்கும் தனித்தனிப் பட்டை. வாஷர் உட்காரும் அளவுக்கு மட்டும் பளிச்சுனு இரும்பு தெரிய சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலின் பூசுங்க. ஹெட்லைட்டும் இதே கதைதான்: பக்கெட்டிலிருந்து (லைட் உட்காரும் இரும்புக் கிண்ணம்) சேசிஸுக்குத் தனி வயர் இழுங்க. 2/0 போட்ட பிறகும் பிளஸ் பக்கம் இறங்கலைன்னா, மிதி சுவிட்ச்சைப் பிரிச்சு செம்புக் காண்டாக்ட் கருகியிருக்கான்னு பாருங்க.

பதில்:
கைப்பிடிக்கு: பட்டன் வகை 1952-ல்தான் வந்தது. 51-ல் திருப்புற கைப்பிடி. குவார்ட்டர் கண்ணாடி (கதவு முன்மூலையில் திறக்கிற சின்னக் கண்ணாடி) மட்டும் 51-லேயே உண்டு. டிரைவர் பக்கக் கதவுத் தூணில் உள்ள தகட்டைப் பாருங்க. நம்பரில் ஜேபி (JP) இருந்தா 51, கேபி (KP) இருந்தா 52. ஜேபின்னா கதவு பிற்பாடு மாத்தினது. கைப்பிடியை மட்டும் வாங்கிடாதீங்க, உள்ளே பூட்டு அமைப்பும் வேற. 51 கதவாவே தேடுங்க.